விமானிகளின் புத்தக அலமாரி: காரணம் சொல்லாத நூல்களும் காரணம் கண்டுபிடிக்கும் படங்களும்

விமானம் ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொள்ளும் நூல்களில் மூன்று தவறாமல் இடம்பெறும். எர்னஸ்ட் கேன் எழுதிய 'ஃபேட் இஸ் தி ஹன்டர்' (விதியே வேட்டைக்காரன், 1961), அந்த்வான் து செந்த்-எக்சுபெரியின் 'வோல் து நுய்' (இரவுப் பறத்தல், 1931), நெவில் ஷூட்டின் 'நோ ஹைவே' (1948) ஆகியவை அவை. மூன்றும் ஹாலிவுட் நட்சத்திரங்கள் நடித்த படங்களாகவும் வந்தன. முதல் இரண்டு படங்களால் நூல்களின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை. விமானக் காட்சிகள் சரியாக எடுக்கப்படவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் வழக்கமான விளக்கம். உண்மைக் காரணம் கதையில் இருக்கிறது. நூல்கள் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்குப் படங்கள் விடை சொல்லிவிட்டன.

அந்தக் கேள்வி எளிமையானது. ஒரே திறமை, ஒரே அனுபவம், ஒரே வகை விமானம் கொண்ட இருவரில் ஒருவர் வீடு திரும்புகிறார், மற்றவர் திரும்புவதில்லை. ஏன்?

கேனின் நூல்

கேன் 1930களின் இறுதியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் சரக்குப் போக்குவரத்து விமானங்களை ஓட்டினார். நூலின் முன்பகுதியில் இறந்துபோன சக விமானிகளின் பெயர்கள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. விளக்கமோ, இறந்த விதமோ, வயதோ அங்கே இல்லை. பொது வாசகர் இப்பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம். தொழிலில் இருப்பவர் அப்படிப் போக முடியாது. பின்னால் வரும் ஒவ்வொரு சம்பவத்தையும் இந்தப் பட்டியலின் நிழலில்தான் அவர் படிக்கிறார்.

முதல் சம்பவம் மிகச் சிறியது. இரவுப் பயணம், அமைதியான வானம். உயரமானியின் முள் குறிப்பிட்ட உயரத்துக்குச் சற்று மேலே நிற்பதைக் கேன் கவனிக்கிறார். சில பத்து அடி வித்தியாசம்தான். அப்படியே விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏதோ ஒழுங்குணர்வில் அவர் அதைச் சரிசெய்கிறார். சற்று நேரத்தில் வேறொரு விமானம் அவர்கள் தலைக்கு மேலே மயிரிழையில் கடந்து செல்கிறது. திருத்தியிருக்காவிட்டால் இரண்டும் மோதியிருக்கும். இந்த இடத்தில் கேன் தம் திறமையை மெச்சிக்கொள்வதில்லை, கடவுளுக்கு நன்றி சொல்வதும் இல்லை. அந்தத் திருத்தத்தை ஏன் செய்தோம் என்று தமக்கே தெரியவில்லை என்பதுதான் அவரை உறுத்துகிறது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிய பகுதி நூலின் உச்சம். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் நம்பி இளம் கேன் விமானத்தை இறக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கும் கேப்டன் ராஸ் தீக்குச்சியைக் கொளுத்தி அவர் மூக்குக்கு முன்னால் பிடிக்கிறார். அணைத்தால் இன்னொன்று, அதையும் அணைத்தால் மற்றொன்று. கேனுக்கு அது அவமானமாகவும் கொடுமையாகவும் படுகிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது யாரும் விமானம் ஓட்டிவிடலாம், எரிச்சலும் பயமும் கண்ணை மறைக்கும்போது ஓட்டப் பழகவேண்டும் என்பது ராஸின் பாடம். கேப்டனுக்கும் துணை விமானிக்கும் இடையிலான உறவை, ஏறக்குறைய குருவுக்கும் சீடனுக்கும் இடையிலான அந்தக் கடுமையை, இவ்வளவு கூர்மையாகச் சொன்ன படம் அரிது. வசனம் இல்லாமல் கையும் கண்ணும் மட்டும் வேலை செய்யும் காட்சி அது.

இந்திய வாசகருக்கு நூலில் நெருக்கமான ஓர் இடம் உண்டு. போர்க்காலத்தில் நான்கு எஞ்சின் கொண்ட சி-87 சரக்கு விமானம் ஒன்றைக் கேன் ஆக்ராவிலிருந்து கிளப்புகிறார். விமானம் உயர மறுக்கிறது. நேரெதிரே சாரம் கட்டப்பட்ட தாஜ்மகால், சாரத்தில் வேலையாட்கள். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கடைசி நொடியில் இறக்கையின் ஃபிளாப்களை முழுவதும் இறக்குகிறார். ஃபிளாப் இறங்கினால் விமானம் சற்று எழும்பும், பதிலுக்கு வேகம் குறையும். ஏற்கெனவே வேகம் போதாத விமானத்தில் அது தற்கொலைக்குச் சமம். ஆனாலும் விமானம் எழும்பிக் கட்டடத்தைத் தாண்டிவிடுகிறது. தாம் நினைத்திருந்ததைவிட மிக அதிகமான எரிபொருள் நிரப்பப்பட்டிருந்தது என்பது அவருக்குப் பின்னர்தான் தெரிகிறது.

இன்னொரு சம்பவத்தில், பசிபிக் கடலைக் கடக்கும்போது டிசி-4 விமானத்தின் வால்பகுதியில் இனம் தெரியாத அதிர்வு எழுகிறது. வேகத்தைக் குறைப்பதுதான் எந்த விமானிக்கும் முதலில் தோன்றும் வழி. கேன் குறைக்கவில்லை. தரையிறங்கிய பிறகு பார்த்தால், வாலில் உள்ள எலிவேட்டரைப் பிணைக்கும் கீல் ஒன்றில் இருக்கவேண்டிய ஆணி இல்லை. குறைத்திருந்தால் விமானம் தலைகுப்புறப் பாய்ந்திருக்கும் என்கிறார்கள் பொறியாளர்கள். அதே காலத்தில், 1947 மே 30 அன்று, அதே வகை விமானம் ஒன்று மேரிலாந்தில் செங்குத்தாக விழுந்து 53 பேர் இறந்தனர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேன் நகர்ந்துவிடுகிறார்.

ஒரு காப்பிக் கோப்பை

1964-இல் ரால்ப் நெல்சன் இயக்கத்தில் இதே தலைப்பில் படம் வந்தது. க்ளென் ஃபோர்டு, ராட் டெய்லர், நான்சி க்வான், சூசன் ப்ளெஷெட் நடித்தனர். நூலிலிருந்து தலைப்பைத் தவிர ஏறக்குறைய எதுவும் எடுக்கப்படவில்லை. ஒரு பயணிகள் ஜெட் விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் விழுகிறது. கேப்டன் குடித்திருந்தார் என்ற பேச்சு கிளம்புகிறது. அவருடைய பழைய நண்பரான நிறுவன அதிகாரி அதை நம்ப மறுத்து விசாரிக்கிறார். கடைசியில் அதே சூழ்நிலையை வானில் மீண்டும் உருவாக்கிப் பார்க்கும்போது விடை கிடைக்கிறது. ஓர் எஞ்சினைப் பறவை கெடுத்தது உண்மை. இன்னொரு எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. விமானி அறையில் சிந்திய காப்பி மின்சுற்றில் இறங்கிப் பொய்யான தீ எச்சரிக்கையை எழுப்ப, விமானி நல்ல எஞ்சினை நிறுத்திவிட்டார்.

படம் இறந்தவரின் பெயரைக் காப்பாற்றுகிறது. அது சிறிய விஷயம் அன்று. காப்பி என்ற விடையையும் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் இரண்டு ஏர்பஸ் ஏ350 விமானங்களில் விமானி அறையின் நடுப்பலகையில் பானம் சிந்தி, பறக்கும்போதே ஓர் எஞ்சின் நின்றது. அந்தப் பலகையைச் சுற்றித் திரவம் எதுவும் வைக்கக்கூடாது என்று ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை உத்தரவிட்டது. ஆக, படத்தின் கற்பனை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு மெய்யானது.

படத்தின் குறை வேறு. அது நூலைத் துப்பறியும் கதையாக மாற்றிவிட்டது. விடை தெரிந்ததும் பார்வையாளர் நிம்மதியாக எழுந்து போகலாம். கேனின் நூலில் அந்த நிம்மதி கிடைப்பதில்லை. முன்பக்கத்துப் பெயர்களில் எத்தனை பேருக்குக் காப்பிக் கோப்பை, எத்தனை பேருக்குக் கழன்ற ஆணி என்று யாரும் சொல்லவில்லை. கேன் தம் பெயரைப் படத்திலிருந்து நீக்கச் சொன்னார். பின்னாளில், தொலைக்காட்சி ஒளிபரப்புகளால் வந்திருக்கவேண்டிய பணமும் அதனால் போய்விட்டது என்று தன்வரலாற்றில் அலுத்துக்கொண்டார்.

ஆனால் கேனின் 'விதி'யை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஆக்ராவில் நடந்தது எரிபொருள் நிரப்பியவருக்கும் ஓட்டியவருக்கும் இடையே தகவல் போகாத குறை. டிசி-4-இல் நடந்தது பராமரிப்புக் குறை. இரண்டையும் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றால் தடுத்திருக்கலாம். இன்றைய விமானப் பாதுகாப்பு முழுவதும் விதி என்ற சொல்லை மறுத்துத்தான் வளர்ந்தது. கேன் விதி என்று எழுதிய இடங்களில் புலனாய்வாளர்கள் விடுபட்ட ஒரு படியைத் தேடிப்பார்த்தார்கள், பெரும்பாலும் கண்டுபிடித்தார்கள். அவருடைய தத்துவத்தை நம்பிப் பறக்கும் விமானி ஆபத்தானவர். இந்நூல் நிலைப்பதற்குக் காரணம் அதிலுள்ள கவனம். உயரமானி முள் சற்று விலகினாலும் உறுத்தும் மனத்தை அது பயிற்றுகிறது. நூலின் கருத்தும் நூல் தரும் பயிற்சியும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அந்த இழுவை கேனுக்கே முழுதாகத் தெரிந்திருந்ததா என்பது ஐயம்தான்.

தபாலா, உயிரா?

தமிழில் செந்த்-எக்சுபெரியை 'குட்டி இளவரசன்' வழியாகவே பலர் அறிவார்கள். வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தது அது. பாலைவனத்தில் விமானம் பழுதாகி நிற்கும் அந்தக் கதைசொல்லிக்குப் பின்னால் ஆசிரியரின் சொந்த அனுபவம் உண்டு. 1935 டிசம்பர் இறுதியில் பாரிஸிலிருந்து சைகோனுக்குப் பறக்கும் முயற்சியில் அவரும் மெக்கானிக் ஆந்த்ரே ப்ரெவோவும் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, தாகத்தால் சாகும் நிலையில் பெதூயின்களால் காப்பாற்றப்பட்டார்கள்.

'வோல் து நுய்' அதற்கு முந்தையது. அர்ஜென்டினாவில் விமானத் தபால் சேவையை நடத்திய நாட்களிலிருந்து பிறந்தது. பட்டகோனியா, சிலி, பராகுவே ஆகிய மூன்று திசைகளிலிருந்து மூன்று தபால் விமானங்கள் இரவில் பியூனஸ் அயர்ஸ் நோக்கி வருகின்றன. ஐரோப்பாவுக்குச் செல்லும் தபால் அவற்றுக்காகக் காத்திருக்கிறது. பட்டகோனியாவிலிருந்து வரும் ஃபேபியன் புயலில் சிக்குகிறான். தரையில் சேவையின் தலைவர் ரிவியேர் காத்திருக்கிறார். ரயிலும் கப்பலும் இரவிலும் ஓடுகின்றன, விமானம் மட்டும் இரவில் நின்றால் பகலில் பெற்ற வேகமெல்லாம் வீண் என்பது அவர் கணக்கு. ஒரு சிறு மின்கம்பிப் பிழைக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த முதிய மெக்கானிக்கை வேலையிலிருந்து நீக்குகிறார். அது நியாயமா என்று அவருக்கே தெரியாது.

ஃபேபியன் மேகத்தில் தெரிந்த ஓர் ஓட்டை வழியே மேலேறி நட்சத்திரங்களின் ஒளிக்கு வந்துசேர்கிறான். கீழே இறங்க இடமில்லை, எரிபொருள் முடியப்போகிறது. நாவல் அவன் விழுவதைக் காட்டுவதில்லை. ரிவியேர் சற்று நேரத்தில் ஐரோப்பியத் தபாலைக் கிளம்பச் சொல்கிறார்.

நாவலின் முதுகெலும்பு ஒரே கேள்விதான். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள், வணிகப் பத்திரங்கள். அவற்றுக்காக ஒருவன் சாகலாமா? ஒரு மனித உயிருக்கு விலையில்லை என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அதைவிட மதிப்பு மிக்க ஏதோ ஒன்று இருப்பதுபோலவே நடந்துகொள்கிறோம் என்ற எண்ணத்தில் ரிவியேர் சிக்கிக்கொள்கிறார். அந்த 'ஏதோ ஒன்று' என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை. ஃபேபியனின் மனைவி அலுவலகத்துக்கு வரும்போது அவளிடம் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை.

1933-இல் எம்ஜிஎம் இதைப் படமாக்கியது. இயக்கம் கிளாரன்ஸ் பிரவுன். ஜான் பேரிமோர் ரிவியேராகவும், கிளார்க் கேபிள் ஃபேபியனாகவும், ஹெலன் ஹேய்ஸ் அவன் மனைவியாகவும் நடித்தனர். கேபிளுக்கு ஏறக்குறைய வசனமே இல்லை. விமானி அறையின் இரைச்சலில் ஃபேபியன் துண்டுச்சீட்டில் எழுதிக்காட்டுகிறான். துணிச்சலான முடிவு அது, விமானத்தின் தனிமையை நன்றாகவே கொண்டுவருகிறது. ஆனால் திரைக்கதை நாவலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது. ரியோ டி ஜெனிரோவில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு குழந்தை சாகக் கிடக்கிறது, விமானத்தில் அதற்கான மருந்து வருகிறது.

இந்த ஒரு மாற்றத்தில் நாவல் செத்துப்போகிறது. குழந்தையைக் காப்பாற்ற ஒருவர் உயிரைப் பணயம் வைப்பது சரியா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ரிவியேரின் கொடுமை கடமையாகிவிடுகிறது. தலைவர் நல்லவரா, வெறியரா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. தபாலைத் தபாலாகவே விட்டிருந்தால் பார்வையாளர்கள் கோபப்பட்டிருப்பார்கள். கோபப்படுவதற்காகவே எழுதப்பட்ட நாவல் அது. உரிமைத் தகராறு காரணமாக 1942-இல் இந்தப் படம் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டு, 2011-இல்தான் மீண்டும் வெளிவந்தது. அதற்குள் செந்த்-எக்சுபெரி மறைந்து அறுபதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. 1944 ஜூலை 31 அன்று ஆயுதம் இல்லாத உளவு விமானத்தில் கோர்சிகாவிலிருந்து கிளம்பி அவர் காணாமல்போனார். மர்சேய் நகரை ஒட்டிய கடலில் கிடைத்த பாகங்கள் அவருடைய விமானத்துடையவைதான் என்பது 2004-இல் உறுதியானது. விழுந்த காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை.

வில்லன் தேவைப்படும் திரை

இதே பழக்கம் அண்மைப் படங்களிலும் தொடர்கிறது. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் பறவைக்கூட்டம் மோதி இரு எஞ்சின்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றியவர் கேப்டன் சல்லன்பெர்கர். மோதலிலிருந்து ஆற்றைத் தொட்டதுவரை சுமார் மூன்றரை நிமிடம். அவ்வளவு சிறிய நேரத்தை முழுநீளப் படமாக்க க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'சல்லி' (2016) விசாரணை அதிகாரிகளைப் பகைவர்களாக்கியது. விமானியை மாட்டிவைக்கத் துடிப்பவர்கள்போல அவர்கள் காட்டப்பட்டனர். சிமுலேட்டர் சோதனையில் யோசிக்கும் நேரமாக 35 வினாடிகளைச் சேர்க்கவேண்டும் என்று படத்தில் நாயகன் வாதாடி வெல்கிறார். உண்மையில் அந்தச் சோதனை விசாரணை வாரியத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது, அறிக்கை அவருடைய முடிவை ஆதரிக்கவும் செய்தது. திரைக்கதையிலிருந்த அதிகாரிகளின் உண்மைப் பெயர்களை நீக்கும்படி சல்லன்பெர்கரே கேட்டுக்கொண்டார் என்று நடிகர் டாம் ஹாங்க்ஸ் கூறியிருக்கிறார். விமானக் காட்சிகள் நேர்த்தியானவை. மற்றவை நீதிமன்ற நாடகம்.

தமிழில் 'சூரரைப் போற்று' (2020) கேப்டன் கோபிநாத்தின் 'சிம்ப்ளி ஃப்ளை' நூலைத் தழுவியது. அந்நூலில் உரிமம், கோப்பு, கடன், கால்கடுக்க நின்ற அலுவலகங்கள் என்று பரவிக் கிடக்கும் தடைகளைப் படம் ஒரே போட்டி முதலாளியின் முகத்தில் திரட்டிவிடுகிறது. வணிகப் படத்துக்கு அது வசதி. ஒரு தொழில் எப்படி நடக்கிறது என்பது மட்டும் அதில் மறைந்துபோகிறது.

விதிவிலக்குகள் உண்டு. ஹாவர்டு ஹாக்ஸின் 'ஒன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்' (1939) அவற்றில் தலையானது. ஹாக்ஸ் முதல் உலகப் போர்க்காலத்தில் விமானப் பயிற்சி பெற்றவர். அவருடைய தம்பி கென்னத், 1930-இல் படப்பிடிப்பின்போது நடுவானில் இரண்டு விமானங்கள் மோதி இறந்தவர். தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் தபால் விமானம் ஓட்டும் சிறு குழுவின் கதை இது. தொடக்கத்திலேயே ஜோ என்ற இளைஞன் பனிமூட்டத்தில் இறக்க முயன்று இறக்கிறான். அவன் கேட்டிருந்த இறைச்சி உணவு மேசைக்கு வருகிறது. தலைவன் ஜெஃப் (கேரி கிராண்ட்) அதைத் தானே சாப்பிடுகிறான், ஜோவா, யார் அது என்பதுபோலப் பேசுகிறான். புதிதாக வந்த பெண் அதிர்ந்துபோகிறாள், பார்வையாளரும்தான். இந்தக் குழுவினர் ஏன் பறக்கிறார்கள் என்பதற்குப் படத்தில் குழந்தையோ மருந்தோ இல்லை. தபால் ஒப்பந்தம் இருக்கிறது, அவ்வளவுதான். 'வோல் து நுய்' எடுக்கப்பட்டிருக்கவேண்டிய முறையில் எடுக்கப்பட்ட படம் என்று இதைச் சொல்லலாம். அதில் வரும் பொம்மை விமானக் காட்சிகள் இன்றைய கண்ணுக்குப் பொம்மையாகவே தெரியும். அது ஒரு பொருட்டே இல்லை.

எண்ணிப் பார்த்தவர்

மூன்றாவது நூலின் ஆசிரியர் நெவில் ஷூட் விமானப் பொறியாளர். ஏர்ஸ்பீடு என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 'நோ ஹைவே' நாவலில் விதிக்கு இடமில்லை, வில்லனும் இல்லை. தியடோர் ஹனி என்ற ஆராய்ச்சியாளர் இருக்கிறார். உடை சரியில்லாதவர், பேசத் தெரியாதவர். 'ரெயின்டீர்' என்ற புதிய விமானத்தின் வால் 1,440 மணி நேரம் பறந்தபின் உலோகச் சோர்வால் முறியும் என்று கணக்கிட்டிருக்கிறார். வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கம்பி ஒருநாள் ஒடிவதைப் போன்றது உலோகச் சோர்வு. வெளியே விரிசல் தெரியாது. அட்லாண்டிக் கடலுக்கு மேலே, தாம் உட்கார்ந்திருக்கும் விமானமே அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியவருகிறது. அவருக்கு எவர்மீதும் குற்றம் சாட்டத் தோன்றவில்லை. பயணிகளிடம், உடையும்போது எங்கே இருந்தால் பிழைக்கலாம் என்று சொல்கிறார். கேண்டரில் இறங்கியதும் தரையில் நிற்கும் விமானத்தின் சக்கரங்களை மடக்கி அதை நிலத்தில் விழவைக்கிறார், மேலே பறக்கவிடாமல் செய்வதற்காக.

நாவல் வந்து ஆறாண்டுகளில், 1954-இல், பிரிட்டனின் பெருமையான காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியில் எல்பா தீவருகிலும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகிலும் வானிலேயே சிதறின. ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். பயணிகள் அறையின் உலோகம் சோர்ந்து கிழிந்தது. ஷூட் எழுதியது வாலைப் பற்றி, முறிந்தது உடற்பகுதி. மற்றபடி அதே கதைதான். அதற்கும் முன்பு, 1952-இல் ரோமிலும் 1953-இல் கராச்சியிலும் காமெட்கள் கிளம்பும்போது மேலெழாமல் விபத்துக்குள்ளாகியிருந்தன. கராச்சியில் விமானத்திலிருந்த 11 பேரும் இறந்தனர். குற்றம் முதலில் விமானிகள்மீது விழுந்தது. பிறகு நிறுவனம் இறக்கையின் முன்விளிம்பு வடிவத்தையே மாற்றியது.

1951-இல் ஹென்றி கோஸ்டர் இயக்கிய படம் இந்த நாவலைப் பெரிதும் சிதைக்கவில்லை. ஹனியாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அந்த அனுபவத்தை அவர் கண்ணாடிக்குப் பின்னால் தடுமாறும் பேச்சில் முற்றிலும் மறைத்துக்கொள்கிறார். படத்தில் சோதனைக்கூடத்து வால் 1,440 மணி நேரத்தைக் கடந்தும் முறியாமல் நிற்கிறது. எல்லோரும் ஹனியைப் பைத்தியக்காரன் என்று முடிவுகட்டுகிறார்கள். இதற்கிடையில், கேண்டரில் அவர் முடக்கிய விமானத்தைப் பழுதுபார்த்துப் பறக்கவிட்டு இறக்கியதும் அதன் வால் கழன்று தரையில் விழுகிறது. சோதனைக்கூடத்து வாலும் சற்றுத் தாமதமாக முறிகிறது. தம் கணக்கில் வெப்பநிலையைச் சேர்க்க மறந்துவிட்டதை அப்போதுதான் ஹனி உணர்கிறார்.